கோவில்பட்டி ராக் கலைஞரின் பதினோரு நிமிடம்

கரிசல் காட்டில் முயல் உண்டு, மயில் உண்டு, புள்ளிமான் உண்டு, கீரிப்பிள்ளை உண்டு. இவற்றோடு சேர்த்து எண்ணப்படாமல் விட்டுப்போன இன்னொரு ஜீவராசியும் உண்டு. அதன் பெயர் ராக் கலைஞர். சிரிக்க வேண்டாம். அது பெங்களூர்ப் பக்கம் குளிரில் வாழ்கிற ஜீவன், நம் வெயிலைத் தாங்காது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் அறியாமை. கோவில்பட்டியில் தெருவுக்கு ஒன்று என்று பெருமையடிக்க மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் ஒன்று இருக்கிறது, அதுவும் எனக்கு நேர் எதிர்வீட்டில்.

எப்படி அடையாளம் காண்பது? சித்திரை மாதம், தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற உச்சி வெயிலில், கறுப்புத் தோல் ஜாக்கெட்டை மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, கழுத்தில் வெள்ளி மண்டையோடு ஊசலாட, கறுப்புக் கண்ணாடியும் அரைக்கிலோ கத்தரிக்காயுமாக மார்க்கெட்டிலிருந்து ஒருவர் வியர்த்து வழிய வருகிறாரென்றால், அவர்தான். முடி தோளுக்குக் கீழே தொங்கும். அந்த முடியைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் ராக் பற்றிக் கேட்பதில்லை. எந்தக் கோயிலுக்கு நேர்ச்சை என்றுதான் கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் அவர் நின்று, இது நேர்ச்சை இல்லை, கலகத்தின் அடையாளம், எதிர்ப்பின் கொடி என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிப் பார்த்தார். மூன்றாம் வருடத்திலிருந்து "கழுகுமலைக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார். நேரம் மிச்சம். விபூதியும் கிடைக்கிறது.

என் எதிர்வீட்டு மாதிரிக்கு இசக்கிராஜா என்று பெயர். வயது முப்பத்தெட்டு. பகலில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட். மாலையில் 'கந்தகப் புகை' என்னும் இசைக்குழுவின் நிறுவனர், பாடகர், கிட்டார் கலைஞர், பாடலாசிரியர், செய்தித் தொடர்பாளர். குழுவில் மொத்தம் மூன்று பேர். ட்ரம் வாசிக்கும் ஜேம்ஸ்ராஜ் சர்ச் பாடகர் குழுவிலும் வாசிக்கிறார், ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்க மாட்டார். டிசம்பர் மாதம் முழுக்கவே கிடைக்க மாட்டார். மூன்றாமவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. குழுவின் புகைப்படத்தில் மட்டும் இன்னும் இருக்கிறார்.

ராக் கலைஞர் என்றால் பாட்டோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. பாட்டைக் கேட்க ஆள் வராத நாள்களில் அவருக்குள் இருக்கும் மற்ற கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வருவார்கள், நமக்குத்தான் தப்பிக்க வழி இருக்காது. இசக்கிராஜா ஒரு கோடையில் சிற்பியானார். கரிசல் மண்ணைக் குழைத்துப் பதினான்கு மனிதத் தலைகள் செய்து முற்றத்தில் காய வைத்தார். கரிசல் மண் காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும் என்பது இந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும். இவருக்கு மட்டும் எப்படியோ தெரியவில்லை. மூன்றாம் நாள் பதினான்கு முகங்களும் நெற்றியிலிருந்து தாடை வரை பிளந்து கிடந்தன. "அதான் அண்ணாச்சி நம்ம காலத்தோட முகம்" என்றார். ஐப்பசி மழையில் நம் காலத்தின் முகம் கரைந்து சாக்கடையை அடைத்துக்கொண்டது. தெருவே சேர்ந்து கம்பால் குத்தி அடைப்பை எடுத்தோம்.

அடுத்து இயக்குநர். கயத்தாறு பக்கம் போய் ஒரு காற்றாலைக்கு எதிரே கேமராவை நிறுத்தி, அது சுற்றுவதை இருபத்திரண்டு நிமிடம் எடுத்தார். பதினான்காம் நிமிடத்தில் காற்று நின்று இறக்கையும் நின்றுவிடுகிறது. அங்கேதான் கதையில் திருப்பம் என்றார். அதற்கடுத்து ஓவியர்: கறுப்புக் கரிசலைக் கறுப்பு வண்ணத்தால் மட்டுமே தீட்டிய பன்னிரண்டு ஓவியங்களை, முகூர்த்தமில்லாத ஒரு நாளில் கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில் மாட்டி வைத்தார். கூட்டம் வரத்தான் செய்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பந்தி எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு போட்காஸ்ட் ஒன்று தொடங்கினார். விருந்தினர் வராத வாரங்களில் தன்னைத் தானே பேட்டி காண்பார். விருந்தினர் எந்த வாரமும் வந்ததில்லை. ஒரு பேட்டியில் கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் வாக்குவாதம் முற்றிப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இத்தனையும் எதற்கு? புகழுக்கா? இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'வெறுமையின் வெப்பநிலை' என்று அவர் ஒரு பாட்டு செய்து வைத்திருக்கிறார். நீளம் பதினோரு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் தொடங்கி எட்டாவது நிமிடம் வரை ஒரே ஒரு கத்தல் வரும். அந்தப் பாட்டை யாராவது ஒருவர், உலகத்தில் ஒரே ஒருவர், முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மூன்று வருடமாகியும் அது நடக்கவில்லை.

நடக்காததற்குக் காரணம் நம்மைப் போன்றவர்கள்தான். பாட்டைப் போட்டதும் ஒருவருக்குப் போன் வரும். ஒருவருக்குக் கேஸ் சிலிண்டர் வரும். பால் பொங்கும், பேருந்து வரும், மாமனாருக்கு முடியாமல் போகும். ஜேம்ஸ்ராஜ் ட்ரம் வாசித்தவர்தான். ஆனால் வாசித்ததோடு சரி, கேட்டதில்லை. என் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று நாற்பது விநாடி கேட்டுவிட்டு நிறுத்தி, 'அருமை, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது' என்று எழுதி, நெருப்புப் படம் மூன்று போட்டேன். அவர் உடனே எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து, "கத்துத எடம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். "எந்தக் கத்து?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் திரும்பிப் போன நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபமாகச் சோர்ந்துவிடாது. கல்யாண வீடுகளுக்குக் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மெமரி கார்டு கொடுக்க ஆரம்பித்தார். அதில் அந்த ஒரு பாட்டு மட்டும் இருக்கும். மேலுறையில் 'முழுவதும் கேட்டபின் கருத்துக் கூறவும்' என்ற வாசகமும் அவருடைய போன் நம்பரும் இருக்கும். இரண்டு முகூர்த்த சீசன் போயிற்று. போன் வரவில்லை.

இந்த நிலையில்தான் அவருடைய மனைவி சுகுணா கெடு வைத்தார். சுகுணா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர், ஒரு மெஷின் போதாமல் இரண்டாவது மெஷின் வாங்க இருந்தார். அதைப் போட அந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. அந்த அறையில்தான் கந்தகப் புகை குடியிருந்தது. கிட்டார், அதன் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, பன்னிரண்டு கறுப்பு ஓவியங்கள், எல்லாம் அங்கேதான். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தை பொறக்குத வரைக்கும் பாக்குதேன் அண்ணே" என்றார் சுகுணா. "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, முழுசாக் கேட்டேன்னு எங்கிட்ட சொல்லட்டும். இந்த அறை அவியளுக்கு. இல்லன்னா கிட்டாரக் குடுத்துட்டு மெஷினப் போட்டுருவேன்."

"நீ கேட்டாப் போதுமே" என்றார் இசக்கிராஜா.

"நான் எங்கன கேக்க? மூணாவது நிமிசத்துல குக்கர் விசில் போட்டுருது."

"குக்கர் வைக்கதுக்கு முன்னால கேளு."

"வெறும் வயித்துலயா?" என்றார் சுகுணா. பஞ்சாயத்து அதோடு கலைந்தது.

மார்கழி பாதி போயிருந்தபோது போன் வந்தது. எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து ரெங்கம்மாள் என்று ஒரு பெண்மணி. "இந்தக் கார்டுல பாடுன தம்பியா? உங்க பாட்ட பத்திப் பேசணும். போன்ல சொன்னா வெளங்காது, நேர்ல வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இசக்கிராஜா அன்றைக்கு எங்கள் தெருவில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரையில் கால் பாவவில்லை. மறுநாள் காலையிலேயே அவர் பைக் ஓட்ட, பின்னால் நான் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார, இரண்டு பேரும் கிளம்பினோம். எட்டயபுரம் தாண்டும் வரை அவர் வாய் ஓயவில்லை. "சென்னையில மார்கழிக் கச்சேரின்னு ஒரே பாட்டத் திரும்பத் திரும்பப் பாடுதாவ. இங்கன பாருங்க, கிராமத்துச் சனம் தேடிக் கூப்பிடுது. உண்மையான இசை கிராமத்துக்குத்தான் புரியும் அண்ணாச்சி" என்றார். போன வாரம் இதே வாய்தான், இந்தப் பட்டிக்காட்டில் பிறந்ததுதான் என் சாபம் என்று சொன்னது. நான் நினைவுபடுத்தவில்லை. கிட்டாரின் கழுத்து என் மூக்கில் இடித்துக்கொண்டிருந்தது.

ரெங்கம்மாளின் நிலம், எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு, ஊருக்கு வெளியே இருந்தது. நான்கு ஏக்கர் மக்காச்சோளம், ஆள் உயரத்துக்கு நின்றது. கருது, அதாவது கதிர், பால் பிடித்து முற்றுகிற பருவம். சுற்றிலும் பழைய சேலைகளைக் கம்புகளில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். காட்டுப்பன்றிக்கு அதுதான் வேலி. நடுவில் ஒரு உயரமான கம்பு, அதன் உச்சியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஸ்பீக்கர். எனக்கு அங்கேயே லேசாகச் சந்தேகம் தட்டியது. இசக்கிராஜாவுக்குத் தட்டவில்லை, "மேடைக்கு நல்ல எடம்" என்றார்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ரெங்கம்மாள் எங்களைப் பார்த்ததும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இசக்கிராஜாவின் முடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாடுனது நீங்கதானா தம்பி?"

"ஆமாம்மா." கண்ணாடிக்குள்ளேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வந்து இந்தக் கார்டக் குடுத்துருக்கீங்க. அவன் சும்மா போட்டு வச்சிருந்தான். நான் பன்னிக்கு நாய் கொரைக்குத சத்தந்தான் போடுவேன். அந்த நாய்ச் சத்தக் கார்டு மழையில நனைஞ்சு போச்சு. சரி, இதுல என்ன இருக்குன்னு இதப் போட்டுப் பாத்தேன்." ரெங்கம்மாள் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அன்னைக்கு ஓடுன ஓட்டம் இருக்கே தம்பி. வேலிச் சீலையக் கிழிச்சிக்கிட்டு ஓடுது. பத்து நாளைக்கு ஒரு கருது சேதமில்ல. நாய்ச் சத்தமெல்லாம் இதுக்குப் பக்கத்துல வராது."

நான் இசக்கிராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டாருக்குப் பின்னால் என் முகத்தை மறைத்துக்கொண்டேன். "அப்புறம்?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

"அப்புறந்தான் சங்கடம். பதினோராம் நாளு ஒண்ணு வந்து தூரத்துல நின்னு கேட்டுச்சு. மறுநா கிட்ட வந்துச்சு. இப்ப ஏழெட்டு வருது, குட்டியெல்லாம் கூட்டிக்கிட்டு. பாட்டுப் போட்டாத்தான் வருது தம்பி. போடாட்டா பக்கத்துக் காட்டுக்குப் போயிருது, அந்தக் காட்டுக்காரவிய நீதான பழக்கிவிட்டேன்னு சண்டைக்கு வாராவ."

அவர் எங்களைக் கம்பின் அடிக்கு அழைத்துப் போனார். ஸ்பீக்கருக்கு நேர் கீழே பயிர் வட்டமாகப் படுத்துக் கிடந்தது. ஈரக் கரிசலில் உடம்பு உடம்பாக அழுந்திய பள்ளங்கள், சுற்றிலும் மென்று துப்பிய சக்கை. முன்வரிசையில் பெரியவை, பின்னால் குட்டிகள் என்று ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கின்றன.

"இங்கனதான் படுக்கும். கத்துத எடம் வந்தா மட்டும் திங்கதை நிறுத்திட்டுத் தலையத் தூக்கிப் பாக்கும். பாட்டு முடியுத வரைக்கும் எந்திரிக்கதில்ல" என்றார் ரெங்கம்மாள். "அதான் கூப்பிட்டேன். கருது எடுக்க இன்னும் இருவது நாளு கெடக்கு. இதவிட மோசமா ஒண்ணு பாடித் தர முடியுமா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும், அல்லது அழுகை வந்திருக்கும். இசக்கிராஜா அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறொன்று கேட்டார்.

"நீங்க கேட்டியளாம்மா?"

"பின்ன? காவலுக்கு வேற யாரு இருக்கா? அந்த வரப்புலதான் கட்டிலப் போட்டுக் கெடக்கேன்."

"முழுசாவா?"

"சாயங்காலம் அண்ணன் மகன் ஏறிப் போட்டுட்டுப் போயிருதான், பாதியில நிறுத்தணும்னா அந்தக் கம்புல ஏறணும் தம்பி. இந்த வயசுல நான் எங்கன ஏற? முழுசாத்தான் கேக்கேன். ஒரு நாளைக்கு இருவது தடவ."

ரெங்கம்மாள் தானாகவே சொன்னார். "மொதல்ல நாலஞ்சு நாளு தலவலி. அப்புறம் பழகிட்டு. ட்ரம்மு அடிக்கவரு நடுவுல ஒரு எடத்துல தப்பிப் போயிட்டு, ஓடிவந்து சேந்துக்கிடுதாரு. அப்புறம் ஒரு கத்து வருதுல்லா, அது மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. பொறவு கேக்கக் கேக்க, நான் கூப்பிடுதேனே, ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கியளேன்னு கத்துத மாதிரி இருந்துச்சு. பாவம், இந்த ஆளுக்கு வீட்ல மனுச மக்க இல்ல போலன்னு நெனச்சேன்."

இசக்கிராஜா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பன்னிரண்டு வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். மூன்று வருடமாக அந்த ட்ரம் தப்பியதை ஜேம்ஸ்ராஜ் கவனிக்கவில்லை, நான் கவனிக்கவில்லை, பாடியவரே கவனிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது விநாடியும் மூன்று நெருப்பும் நினைவுக்கு வந்தன.

இந்த இடத்தில் கதையை முடித்தால் அவர் பெரிய மனிதராகிவிடுவார். ஆனால் நான் உங்களுக்கு ஓர் இனத்தைப் பற்றிச் சொல்வதாகத்தான் வாக்குக் கொடுத்தேன். திரும்பி வரும்போது எட்டயபுரம் வரைதான் அவர் மௌனமாக இருந்தார். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"மொதல் பத்து நாளு பன்னி ஓடுச்சுல்லா அண்ணாச்சி, அது புரியாம ஓடுனது. புதுசா எது வந்தாலும் மொதல்ல ஓடத்தான் செய்யும். பதினோராம் நாளு புரிஞ்சிட்டு பாத்தியளா?"

டீக்கு நானே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரெங்கம்மாளுக்குப் போன் போட்டு சுகுணாவிடம் கொடுத்தார். "முழுசாவா கேட்டிய? நெசமாவா?" என்று சுகுணா மூன்று தடவை கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டு, இரண்டாவது மெஷினுக்கு அடுப்படியை ஒட்டி இடம் பார்க்கப் போனார். ஏன் கேட்டாய், எதற்குக் கேட்டாய் என்று ரெங்கம்மாளிடம் அவர் விசாரிக்கவே இல்லை. அப்புறம் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "எதோ வெவகாரம் இருக்குன்னு தெரியும் அண்ணே. தோண்டிக் கேட்டா எனக்கு அறை கெடைக்கும். அவியளுக்கு அந்த மொகம் போயிரும்."

அந்த முகம் இப்போது வேலையில் மும்முரமாக இருக்கிறது. இதைவிட மோசமான பாட்டு செய்ய வேண்டுமல்லவா? கண்டபடி சுதி கலைத்து, தகரத்தில் கரண்டியால் கீறி, உயிரை விட்டுக் கத்தி, இதுவரை மூன்று பாட்டுகள் அனுப்பிவிட்டார். ரெங்கம்மாள் மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். "இது நல்லா இருக்கு தம்பி, இது ஆகாது" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பாராட்டு, வந்த நேரத்தைப் பார்த்தீர்களா? இதற்கிடையில் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் பழைய பாட்டின் முதல் பத்து நாள் பலனைக் கேள்விப்பட்டு கார்டு கேட்கிறார்கள். 'கரிசல் மண்டல இசைப் பயணம்: ஏழு காடுகள்' என்று அவர் போஸ்டர் அடித்துவிட்டார். திருப்பூர்க்காரரின் படமும் அதில் இருக்கிறது.

வாசகரே, இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். ராக்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நான் உண்டு என் கவிதை உண்டு, என் மாடித்தோட்டத்து வீடியோ உண்டு, காலை வணக்கத்தோடு நான் அனுப்புகிற நான்கு வரிச் சிந்தனை உண்டு என்றிருப்பவர் நீங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். யாருக்காவது ஒன்றை அனுப்பிவிட்டு, நீலக்குறி விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்ததுண்டா? 'அருமை' என்று பதில் வந்ததும், எந்த இடம் அருமை என்று கேட்கத் துடித்ததுண்டா? இவன் இதை எப்போது முடிப்பான், முடித்ததும் நம்முடையதை இவனுக்கு அனுப்பினால் என்ன என்று இந்தக் கடைசிப் பத்தியில் உங்கள் கை போனைத் தேடிக்கொண்டிருக்கிறதா?

தயங்க வேண்டாம், அனுப்புங்கள். எழுத்தாக வேண்டாம், குரலாகவே அனுப்புங்கள். ரெங்கம்மாளுக்குக் கருது எடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.